ஓர் ஆர்டருக்கு ஒரே தாள்: பனியன் கம்பெனிகளுக்கு ஒரு வழிகாட்டி

திருப்பூரில் ஓர் ஏற்றுமதி ஆர்டர் ஒரே கூரையின் கீழ் முடிவது அரிது. நூல் வாங்கி நிட்டிங்குக்குக் கொடுத்து, கிரே துணியைச் சாயப்பட்டறைக்கு அனுப்பி, காம்பாக்டிங், கட்டிங், பிரிண்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங் என்று பல கை மாறித்தான் பெட்டிகள் தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போகின்றன. ஒவ்வொரு கையிலும் ஒரு நோட்டு, ஓர் எக்ஸெல் கோப்பு, ஒரு வாட்ஸ்அப் குழு. பையர் திருத்தி அனுப்பிய அளவு அட்டவணை மெர்ச்சண்டைசரின் மெயிலில் கிடக்க, கட்டிங் மாஸ்டர் பழையதை வைத்துத் துணியை வெட்டிவிட்டால் நஷ்டம் முழுவதும் கம்பெனியின் தலையில்தான் விழும். எல்லோரும் ஒரே தாளைப் பார்த்து, ஒரே தாளில் எழுதும் முறைதான் இதற்கு நேரான தீர்வு.

கூகுள் ஷீட்ஸ், மைக்ரோசாஃப்ட் 365-இன் இணைய எக்ஸெல், தமிழ்நாட்டு நிறுவனமான ஸோஹோவின் ஷீட் ஆகிய மூன்றும் இதைச் செய்யும். அலுவலகத்தில் பலருக்குப் பழக்கமானதைத் தேர்ந்தால் போதும். கீழே வரும் செயல்விவரங்கள் கூகுள் ஷீட்ஸை ஒட்டியவை.

முதல் வேலை, கம்பெனி பெயரில் கணக்கு தொடங்குவது. மெர்ச்சண்டைசரின் சொந்த மெயிலில் தாள் திறந்தால் அது அவருடைய சொத்தாகவே இருக்கும். அவர் வேறு கம்பெனிக்குப் போகும் நாளில் சிக்கல் வரும். ஷேர்டு டிரைவ் உள்ள கட்டணத் திட்டத்தில் கோப்பு நிறுவனத்தின் பெயரிலேயே நிற்கும்.

அடுத்து, ஆர்டருக்கு ஒரு ஃபோல்டர். பையர் பெயர், ஸ்டைல் எண், ஷிப்மென்ட் மாதம் மூன்றையும் சேர்த்துப் பெயரிட வேண்டும். டெக் பேக், அளவு அட்டவணை, லேப் டிப் ஒப்புதல், லேபிள் வடிவம் எல்லாம் அதற்குள் போக வேண்டும். திருத்தம் வரும்போது பழையதை அகற்றிவிட்டுப் புதியதை அதே இடத்தில் வைக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் கோப்பை அனுப்பாமல் ஃபோல்டரின் லிங்க்கை மட்டும் அனுப்புவது இதில் பாதி வெற்றி.

பிறகு, அந்த ஃபோல்டரின் உயிரான டி.என்.ஏ. (டைம் அண்ட் ஆக்‌ஷன்) தாள், அதாவது எந்த வேலை எந்தத் தேதியில் முடிய வேண்டும் என்ற கால அட்டவணை. வேலை, பொறுப்பாளர், திட்டத் தேதி, நடந்த தேதி, குறிப்பு என ஐந்து பத்திகள் போதும். திட்டத் தேதியைக் கையால் அடிக்காமல், ஷிப்மென்ட் தேதியிலிருந்து பின்னோக்கி நாட்களைக் கழிக்கும் சூத்திரமாகப் போட்டால், பையர் தேதியை மாற்றும்போது எல்லா வரிகளும் தாமாகவே நகரும். இங்கே ஒரு சிறு கண்ணி உண்டு. தாளின் அமைப்பில் நாடு அமெரிக்கா என்று இருந்தால் 04/05 என்பது மே 4 ஆகாமல் ஏப்ரல் 5 ஆகிவிடும். முதலிலேயே நாட்டை இந்தியா என மாற்றிவிட வேண்டும்.

அதே தாளில் சாயத்துக்கு ஒரு தனிப் பக்கம் அவசியம். திருப்பூரில் ஆர்டர் தடுமாறும் முக்கியமான இடம் அது. லாட் எண், நிறம், டி.சி. (டெலிவரி சலான்) எண், அனுப்பிய கிலோ, திரும்பி வந்த கிலோ, இழப்புச் சதவீதம் ஆகியவை பத்திகள். எடுத்துக்காட்டாக, 500 கிலோ அனுப்பி 465 கிலோ வந்தால் இழப்பு 7 சதவீதம். கம்பெனி ஏற்கும் வரம்பைத் தாண்டினால் கட்டம் சிவப்பாகும்படி நிபந்தனை வைத்துவிட்டால், துணி இறங்கிய அன்றே பற்றாக்குறை தெரியும். கட்டிங் மேசையில் தெரிய வந்தால், மீதிக்கு மறுபடி சாயம் போட வேண்டும். சிறிய லாட்டில் பழைய ஷேடு அப்படியே வருவது கடினம். நிறப் பெயர்களைக் கீழிறங்கு பட்டியலாக வைப்பதும் கட்டாயம். ஒருவர் 'நேவி' என்றும் மற்றவர் 'நேவி ப்ளூ' என்றும் அடித்தால் கூட்டல் இரண்டாகப் பிரிந்துவிடும்.

அனுமதி கொடுப்பதில் தாராளம் கூடாது. பார்ப்பவர், கருத்து எழுதுபவர், திருத்துபவர் என்ற மூன்று நிலைகளில், அளவு அட்டவணையைத் திருத்தும் உரிமை ஒருவருக்கு மட்டும் இருக்கட்டும். சூத்திரக் கட்டங்களைப் பூட்டிவிடலாம். ஆனால் பூட்டுவதும் பக்கத்தை மறைப்பதும் ரகசியம் காக்காது. தாளை நகல் எடுக்க முடிந்தவர் மறைத்த பக்கத்தையும் பார்த்துவிட முடியும். விலையும் காஸ்டிங்கும் ஜாப் ஒர்க் செய்பவர் பார்க்கும் தாளில் இருக்கவே கூடாது. அவற்றுக்குத் தனிக் கோப்பு வேண்டும்.

பவர் டேபிள் யூனிட்டில் இருக்கும் சூப்பர்வைசரிடம் பெரிய தாளைக் கைபேசியில் நிரப்பச் சொன்னால் நிரப்ப மாட்டார். அவருக்குக் கூகுள் ஃபார்ம்ஸில் நான்கே கேள்விகள் போதும்: ஸ்டைல் எது, நிறம் எது, இன்று தைத்த பீஸ் எத்தனை, குறை பீஸ் எத்தனை. கேள்விகள் தமிழில் இருக்க வேண்டும். வடமாநிலத் தொழிலாளர்கள் நிரப்பும் இடத்தில் இந்தியும் வேண்டும். விடைகள் தாமாகத் தாளில் வந்து சேரும்.

பேச்சும் தாளிலேயே நடக்கட்டும். 'லேப் டிப் ஓகே ஆனதா?' என்ற கேள்வியை அந்த வரியிலேயே கருத்தாக எழுதி, பொறுப்பாளரின் மெயிலை @ குறியுடன் சேர்த்தால் அவருக்குச் செய்தி போகும். யாராவது தவறாக எதையாவது அழித்துவிட்டாலும் அச்சம் வேண்டாம். பதிப்பு வரலாற்றைத் திறந்தால் யார், எப்போது, எதை மாற்றினார் என்று தெரியும். பழைய நிலைக்கும் திரும்பலாம். இதற்காகவே ஒரே கணக்கை நாலு பேர் பயன்படுத்தக் கூடாது. மின்சாரமோ இணையமோ போகும் இடங்களில் ஆஃப்லைன் வசதியை முன்பே இயக்கி வைக்க வேண்டும்.

தினமும் காலையில் உரிமையாளர், மெர்ச்சண்டைசர், புரொடக்‌ஷன் மேனேஜர் மூவரும் அந்தத் தாளை வைத்தே பேச வேண்டும். உரிமையாளர் தொலைபேசியில் தனியாகக் கணக்குக் கேட்கும் வரை தாளை யாரும் பொருட்படுத்த மாட்டார்கள்.

புதிதாக வந்த ஓர் ஆர்டரை மட்டும் எடுத்துத் தொடங்குவது நல்லது. அது ஷிப்மென்ட் ஆகும் வரை பழைய நோட்டும் கூடவே இருக்கட்டும். அடுத்த ஆர்டரில் நோட்டை நிறுத்திவிட வேண்டும். இரண்டையும் தொடர்ந்து வைத்திருந்தால் இரண்டுமே அரைகுறையாகத்தான் நிரம்பும்.