கற்றதை உரைத்தல்

நல்விருந்து உண்டவர் அதன் சுவையை அயலார்க்கு எடுத்துரையாது இருப்பதில்லை. நல்ல நூலொன்றைப் படித்தவரோ பெரும்பாலும் வாய்திறவாது இருந்துவிடுகின்றனர். நண்பர் இருவர் தெருவிற் சந்தித்தால் உடல்நலம் வினவுவர். பிள்ளைகளின் பரீட்சைப் பெறுபேற்றை வினவுவர். மழையையும் விலைவாசியையும் பற்றிப் பேசுவர். "இப்பொழுது என்ன நூல் படிக்கிறீர்கள்?" என்று கேட்பவர் அரியர். அவ்வினா நமக்கு ஏன் வேண்டும் என்பதையும், யான் இந்நாளிற் படித்து இன்புற்றுவரும் மூன்று நூல்களைப் பற்றியும் இம்மலரிற் சில கூற விழைகின்றேன். மூன்றும் நம் கண்டி நகரோடும் அதனைச் சூழ்ந்த மலைகளோடும் தொடர்புடையன.

முதலில் இலக்கணம் கூறுவதை நோக்குவோம். பதின்மூன்றாம் நூற்றாண்டிற் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பொதுப்பாயிரம், புலமை நிரம்பும் முறையைக் கணக்கிட்டுக் காட்டுகின்றது. ஆசிரியர் உரைப்பதை நன்கு மனங்கொண்டாலும் மாணாக்கன் பெறுவது காற்பங்கே. உடன் கற்பாரோடு கூடிப் பயில்வதால் வருவது இன்னொரு காற்பங்கு. எஞ்சிய அரைப்பங்கோ, தான் கற்றதைப் பிறர்க்குச் செவ்விதின் உரைப்பதாலேயே வந்து சேரும். இக்கணக்கின்படி, படித்த நூலைப் பற்றி எவரிடமும் பேசாதவர் அந்நூலிற் பாதியைக் கைவிட்டவராவர். திருக்குறளிலும் கல்வி 40 ஆம் அதிகாரம், கல்லாமை 41 ஆம் அதிகாரம். அவற்றை அடுத்து 42 ஆம் அதிகாரமாகக் கேள்வி நிற்கின்றது. கல்லாதவனும் கேட்டறிதல் வேண்டும் என்பது வள்ளுவர் கருத்து. கேட்பவன் பயன்பெற வேண்டுமாயின், சொல்பவன் ஒருவன் இருத்தல் வேண்டுமன்றோ?

இனி நூல்களுக்கு வருவோம். முதலாவது, உரொபேட் நொக்சு என்னும் ஆங்கிலேயர் 1681 இல் வெளியிட்ட இலங்கை பற்றிய நூல். 1660 இற் கொட்டியாரக் குடாவிற் பிடிபட்ட இவர், இரண்டாம் இராசசிங்கனின் கண்டி இராச்சியத்திற் பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேல் வெளியேற வழியின்றி வாழ்ந்தார். பின்னாளில் உடுநுவரையைச் சேர்ந்த எலதெத்த என்னும் ஊரிற் குடியிருந்தார். 1679 இல் தப்பி அரிப்புக் கோட்டையை அடைந்தார். சிறைவாழ்வின் தொடக்கத்தில் அவரிடம் இருந்தவை இரண்டே சமய நூல்கள். பகலுணவு முடிந்ததும் ஒரு நூலை எடுத்துக்கொண்டு வயற்புறம் சென்று, மரநிழலில் அமர்ந்து மாலைவரை படிப்பார். அவ்விரண்டும் ஏறக்குறைய மனப்பாடமாயின.

ஒருநாள் அவர் தூண்டிலிட்டு மீன் பிடித்துக்கொண்டிருந்தபொழுது, அவ்வழியே வந்த முதியவர் ஒருவர் அவருடைய ஏவற்பையனை நோக்கி, "உன் தலைவருக்குப் புத்தகம் படிக்கத் தெரியுமா?" என்று கேட்டார். போர்த்துக்கேயர் கொழும்பைக் கைவிட்ட காலத்தில் முதியவர் கைக்கு வந்த ஒரு நூல், விலைகொள்வாரின்றி அவர் வீட்டிற் கிடந்தது. அது ஆங்கில விவிலியம். நொக்சு தாம் பின்னிய தொப்பி ஒன்றைக் கொடுத்து அதனைப் பெற்றார். முதியவர் அவ்வினாவை வினவாதிருந்தால், நூல் ஓரிடத்திலும் அதற்கு ஏங்கியவர் ஓரிடத்திலுமாக இருந்தே மறைந்திருப்பர்.

இரண்டாவது, அசன்பேயுடைய கதை. 1838 இற் கண்டியிற் பிறந்து இங்கேயே வழக்கறிஞராக விளங்கிய மு. கா. சித்திலெவ்வை அவர்கள் 1885 இல் வெளியிட்ட இந்நூலையே ஈழத்தின் முதல் தமிழ் நாவல் என்பர். தமிழின் முதல் நாவலாகிய பிரதாப முதலியார் சரித்திரம் அச்சேறியது 1879 இல். ஆறே ஆண்டுகளில் நம் மலைநகரத்தவர் ஒருவர் அத்துறையிற் கைவைத்தார் என்பது நாம் பெருமைகொள்ளத் தக்கது. கதை எகிப்து, பம்பாய், கல்கத்தா எனக் கடல் கடந்து விரைகின்றது. எகிப்தின் தலைவர் ஒராபி பாசா 1883 இல் இலங்கைக்கு நாடுகடத்தப்பட்டார் என்பதையும், பின்னர்க் கண்டியிற் பல்லாண்டு வாழ்ந்தார் என்பதையும் அறிந்து படிப்போர்க்கு இக்கதை மேலும் சுவைக்கும். எதிர்பாராச் சந்திப்புகள் மிகுதியே எனினும், அடுத்த பக்கத்தைப் புரட்டாது நூலை மூட எனக்கு மனம் வரவில்லை.

மூன்றாவது, சி. வி. வேலுப்பிள்ளை அவர்கள் தொகுத்து 1983 இல் வெளிவந்த மலைநாட்டு மக்கள் பாடல்கள். வட்டகொடையை அடுத்த மடக்கும்புரத் தோட்டத்தில் 1914 இற் பிறந்த இவர், 1947 இற் பாராளுமன்றம் புகுந்தவர். ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதியவர். கண்டிச் சீமைக்கு வந்த கதை, லயத்து வாழ்வு, பெரட்டுக்களத்துக் கெடுபிடி, கங்காணியின் அதிகாரம், தாலாட்டு, ஒப்பாரி யாவும் இப்பாடல்களில் உள்ளன. எழுத்தறியாத நம் பாட்டன் பாட்டியரின் நாவிலே வாழ்ந்தவற்றை ஒருவர் செவிகொடுத்துக் கேட்டமையால் நமக்கு இந்நூல் கிடைத்தது.

இந்நூலைப் பற்றி ஒருநாள் வகுப்பிற் கூறினேன். பரீட்சைக்குரிய பாடம் அன்று என்பதால் மாணவர் குறிப்பெடுக்கவில்லை. மறுவாரம், வகுப்பிற் பேசாது கடைசி வாங்கில் அமரும் மாணவன் ஒருவன் ஒரு தாளை நீட்டினான். அந்நூலில் உள்ள தாலாட்டொன்றை வீட்டிற் சொன்னானாம். "அது அப்படியில்லை" என்று திருத்திய அவன் பாட்டியார், தாம் அறிந்தவாறு பாடிக்காட்டினாராம். நூலிற் காணாத நான்கு அடிகள் அத்தாளில் இருந்தன. அவ்வம்மையார் இன்று இல்லை. நன்னூலார் கூறிய அரைப்பங்கு யாதென அன்று எனக்குப் புலனாயிற்று: உரைத்தவன் இழப்பதொன்றுமில்லை, உரைத்ததற்கு ஈடாகப் புதியதொன்றைப் பெறுகின்றான்.

1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியுண்டது; ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அத்துயரை நாம் மறந்திலோம். ஆயின், தீயின்றியும் நூல்கள் அழிவதுண்டு. பேசுவாரும் தேடுவாரும் இன்றி அலமாரியிற் கிடக்கும் நூல், எரியாமலே இல்லாததாகின்றது. 2005 இல் தொடங்கப்பெற்ற நூலகம் என்னும் மின்னூலகம் ஈழத்து நூல்களைத் திரட்டி யாவரும் இலவசமாகப் படிக்க வைத்துள்ளது. இவ்வழி நூல் கைக்கு எட்டலாம். கருத்துக்கு எட்டச் செய்வது ஒரு நண்பரின் சொல்லேயாகும்.

ஆதலின் மாணவர்க்கும் பழைய மாணவர்க்கும் ஒரு சிறு முறையைக் கூறுகின்றேன். ஒரு நூலைப் பற்றிப் பேசுமிடத்து மூன்றைக் கூறுக. நூல் எதைப் பற்றியது என்பதை இரண்டு வாக்கியங்களில் உரைத்து நிறுத்துக. கதை முழுவதையும் கூறிக் கேட்பவர் ஆவலைக் கெடுத்தல் தகாது. அடுத்து, எந்த இடத்தில் உள்ளம் நின்றது என்பதைக் கூறுக. மூன்றாவதாக, எதில் உடன்பாடில்லை என்பதை அஞ்சாது கூறுக; புகழ்ச்சி மட்டும் கேட்டவர் நூலைத் தேடார். இறுதியில், அவர் படிப்பது யாது எனக் கேட்டுப் பொறுமையோடு செவிகொடுக்க. முழுவதும் படித்து முடித்த பின்னரே பேசுதல் வேண்டும் என்பதில்லை. பாதி படித்திருக்கும்பொழுது எழும் பேச்சிலேயே சூடு மிகுதி.

பழைய மாணவர் சங்கம் கூடும் நாள்களிற் பத்து நிமிடம் இதற்கென ஒதுக்கினால் பொருட்செலவு ஒன்றுமில்லை. வைத்தியரும் வணிகரும் ஆசிரியரும் தோட்ட உத்தியோகத்தரும் தத்தம் கையிலுள்ள நூலைக் கூறினால், இளைய மாணவர்க்கு அதனினும் நல்ல நூற்பட்டியல் வேறு வேண்டுமோ? யான் என் மூன்றையும் கூறிவிட்டேன். தங்கள் நூலின் பெயரைக் கேட்கக் காத்திருக்கின்றேன்.