சுவரில் தொங்கட்டும் கரண்டிகள்

கேள்வி: எங்கள் சமையலறை சிறியது. சுவரில் கம்பி அடித்து, கொக்கியில் பாத்திரங்களைத் தொங்கவிடலாமா? கம்பி துருப்பிடித்துவிடாதா?
– வாசகி, ஏரல்

பதில்: தாராளமாகத் தொங்கவிடலாம். தயிரையும் வெண்ணெயையும் உறியில் தொங்கவிட்டுப் பூனையிடமிருந்து காத்தவர்கள்தானே நாம்! 2023 டிசம்பர் வெள்ளத்தில் ஏரல் வீடுகளுக்குள் தாமிரபரணித் தண்ணீர் புகுந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். தரையில் சாமான் குறைவாக இருப்பது எப்போதும் நல்லது.

உங்கள் ஊர்ப் பக்கம் கடற்காற்றும் வரும் என்பதால் 304 கிரேடு எவர்சில்வர் கம்பியாகக் கேட்டு வாங்குங்கள். அதில் சுமார் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் இருக்கும். விலை மலிவான 202 கிரேடில் நிக்கல் குறைவு. உப்புக்காற்றில் சீக்கிரம் கறை பிடிக்கும். காந்தத்தை வைத்துப் பார்த்து ஏமாறாதீர்கள். இரண்டிலுமே காந்தம் பெரும்பாலும் ஒட்டாது. பில்லில் கிரேடை எழுதி வாங்குங்கள். திருகாணியும் எவர்சில்வராகவே இருக்கட்டும்.

பழைய சுண்ணாம்புச் சுவர் என்றால், திருகாணி பூச்சைத் தாண்டிச் செங்கலுக்குள் இறங்க வேண்டும். சுவிட்ச் பெட்டிக்கும் குழாய்க்கும் நேர் மேலேயோ கீழேயோ துளை போடக் கூடாது. உள்ளே வயரோ பைப்போ ஓடலாம்.

அடுப்புக்கு நேர் மேலே கம்பி வேண்டாம், எண்ணெய்ப் பிசுக்கு படியும். பக்கத்துச் சுவரில், வீட்டில் குள்ளமானவருக்கும் கை எட்டும் உயரத்தில் அடியுங்கள். தினமும் எடுக்கும் கரண்டி, சல்லடை, துருவி மட்டும் அங்கே தொங்கட்டும். குக்கரும் பெரிய அண்டாவும் அலமாரியிலேயே இருக்கட்டும்.