சக்கர நட்டும் தக்க கருவியும்

ஒத்தக்கடையைச் சுற்றியுள்ள பெரியாற்றுப் பாசன நிலங்களில், அறுவடை நாள்களில் நெல்லேற்றிய டிரெய்லரின் டயர் பஞ்சராகிவிடுமாயின், டயரைக் காட்டிலும் சக்கர நட்டுகளே அதிகத் தாமதத்தை உண்டாக்குவது வழக்கம். சேற்றிலும் நீரிலும் உழன்ற நட்டு துருவேறிப் பிடித்திருக்கும். அல்லது பஞ்சர்க் கடையின் காற்றுத் துப்பாக்கி அதனை அளவுக்கு மீறி முடுக்கியிருக்கும். கைக்கு அகப்பட்ட ஸ்பானரைக் கொண்டு அதனோடு மல்லாடுவதனால் நட்டின் முனைகள் மழுங்குகின்றன. கை நழுவி விரல் நசுங்குவதும் உண்டு.

கருவியைத் தெரிந்தெடுக்கையில் முதற்கண் பார்க்கத்தக்கது நீளமன்று, பொருத்தமேயாகும். வாய் திறந்த ஸ்பானர் நட்டின் இரு பக்கங்களை மட்டுமே பற்றுகிறது. அளவு மாற்றும் ஸ்க்ரூ ஸ்பானரோ அழுத்தும்போது தளர்ந்து கொடுக்கிறது. இவ்விரண்டும் சக்கர நட்டுக்கு ஆகா. ஆறு பக்கங்களையும் தழுவும் ஆறுமுனைச் சாக்கெட்டே உகந்தது. பன்னிருமுனைச் சாக்கெட் துருவேறிய நட்டில் எளிதில் வழுக்கும். அளவும் ஒத்திருத்தல் வேண்டும். சில சங்கங்களின் இருப்புப் பதிவேட்டில் ‘ஸ்பானர் – 4’ என்று மாத்திரம் எழுதப்பட்டிருக்கிறது. எந்த அளவு என்று தெரியாத ஸ்பானர் இருந்தென்ன, இல்லாதிருந்தென்ன?

அடுத்தது கைப்பிடியின் நீளம். திருப்புவிசை என்பது நாம் கொடுக்கும் விசையையும் கைப்பிடியின் நீளத்தையும் பெருக்கிவரும் தொகையாகும். கார் நட்டு ஒன்று ஏறத்தாழ 100 நியூட்டன் மீட்டர் அளவுக்கு முடுக்கப்பட்டதெனில், 30 செ.மீ. கைப்பிடியின் நுனியில் சுமார் 34 கிலோ எடை அழுத்தினால் அவ்வளவு விசை கிட்டும். பெரிய லாரி நட்டுக்கு 600 நியூட்டன் மீட்டர் என்று கொண்டால், 40 செ.மீ. பிடியில் சுமார் 153 கிலோவும், ஒரு மீட்டர் பிடியில் 61 கிலோவும் வேண்டும். முன்னது ஒருவரால் ஆகாது. பின்னது ஓர் ஆளின் உடல் எடையே. துருப் பிடித்த நட்டுக்கு இதனினும் மிகுதி தேவைப்படலாம். ஆயினும் மெல்லிய ‘எல்’ ஸ்பானரில் இரும்புக் குழாயைச் சொருகி நீட்டுவது அபாயகரம். அது வளையும் அல்லது முறியும். தடித்த நீள்பிடிக் கம்பியை வாங்குவதே மேல்.

ஜாக்கி கொடுத்துத் தூக்குமுன், சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டைச் சற்றுத் தளர்த்திவிட வேண்டும். துருநீக்கி எண்ணெயை மரையில் விட்டு அரைமணி நேரம் பொறுத்து, கைப்பிடியைக் கீழ்நோக்கி அழுத்துக. மேல்நோக்கி இழுப்பது முதுகுக்குக் கேடு. பழைய லாரிகள் சிலவற்றின் இடப்புறச் சக்கரங்களில் மரை எதிர்த்திசையில் இருக்கும். அதனை அறியாது எவ்வளவு முயன்றாலும் நட்டு மேலும் இறுகவே செய்யும். டயர் மாட்டியிருக்கையில் வெல்டிங் தீயால் சூடேற்றுதல் அறவே கூடாது. டயர் வெடித்து உயிர்ச்சேதம் நேரலாம்.

இவற்றாலும் அசையாத நட்டுக்குப் பற்சக்கரங்கள் கொண்ட விசைபெருக்கிக் கருவி உண்டு. சிறு கைப்பிடியைப் பன்முறை சுழற்றினால் நட்டு மெல்லத் திரும்பும். அதன் தாங்குகாலைப் பக்கத்து நட்டில் உறுதியாக ஊன்றுதல் இன்றியமையாதது. கைக்குப் பளு தெரியாமலே ஸ்டட் முறிந்துவிடலாம். ஆகையால் நிதானம் வேண்டும்.

ஆறுமுனைச் சாக்கெட்டும் நீள்பிடியும் ஒவ்வொரு வண்டியிலும் இருக்க வேண்டியவை. விசைபெருக்கியையும், முடுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்சையும் ஒவ்வோர் அங்கத்தினரும் தனியே வாங்குவது வீண்செலவு என்பது என் கருத்து. சங்கம் ஒன்று வாங்கி முறைவைத்து வழங்கலாம். ஆனால் டார்க் ரெஞ்சை நட்டுக் கழற்ற எவரும் எடுத்துச் செல்ல அனுமதித்தல் ஆகாது. அதன் அளவு கெட்டுவிடும். அது மீண்டும் மாட்டும்போது, எதிரெதிர் நட்டுகளை மாறிமாறி, தயாரிப்பாளர் குறித்த அளவுக்கு முடுக்குவதற்கே உரியது. சக்கரம் மாட்டிய வண்டி 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியபின் அந்த ரெஞ்சை மறுபடியும் பெற்று, எல்லா நட்டுகளையும் ஒருமுறை சோதிப்பது அவசியம்.