கொதிக்கும் முன்னே வரும் குமிழி

அடுப்பில் தண்ணீர் வைத்தால், கொதிக்க ரொம்ப முன்னாடியே சட்டியின் அடியில் பொடிப்பொடியாகக் குமிழி ஒட்டியிருக்கும், பார்த்திருக்கிறீர்களா? அது நீராவி அல்ல. தண்ணீரில் கரைந்திருந்த காற்று. சர்க்கரை சுடுதண்ணீரில் அதிகமாகக் கரையும். வாயு அதற்கு நேர்மாறு. சூடு ஏற ஏற வாயு மூலக்கூறுகள் வேகம் பிடித்து, நீரை விட்டு வெளியேறிவிடும். வெயிலில் கிடந்த கோலி சோடாவை உடைத்தால் பொங்கி வழிவதும் இதனால்தான்.

ஒரு லிட்டர் தண்ணீரில் 20 டிகிரி செல்சியசில் சுமார் 9.1 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் சுமார் 7.5 தான்.

பரீட்சைக்கு மட்டும்தானே இது என்று நினைக்காதீர்கள். எங்கள் சித்தப்பா கண்மாயில் மீன் குத்தகை எடுத்திருக்கிறார். போன வருஷம் வீரபாண்டித் திருவிழா சமயம், விடிகாலையில் கட்லாவும் ரோகுவும் வாயைப் பிளந்துகொண்டு மேலே வந்தன. 8 மணிக்குள் நூற்றுக்கணக்கில் செத்து மிதந்தன. "எவனோ மருந்தக் கலந்துட்டான்"னு ஊரே பேசியது. பக்கத்து வயல்காரரோடு சண்டையே வந்துவிட்டது.

ஆனால் விரால் சாகவில்லை! விரால் தலையை வெளியே நீட்டிக் காற்றையே சுவாசிக்கும். அப்படியானால் குறைந்தது ஆக்சிஜன்தான் என்று எனக்குப் பட்டது.

சரி, விடிகாலையில் தண்ணீர் குளிர்ந்துதானே இருக்கும், அப்போது ஏன் சாக வேண்டும்? அறிவியல் ஆசிரியரிடம் இதைத்தான் கேட்டேன். பகலில் பாசி ஒளிச்சேர்க்கை செய்து ஆக்சிஜன் தருகிறது. ராத்திரி வெளிச்சம் இல்லை. பாசி, மீன், சேற்றில் உள்ள நுண்ணுயிரிகள் எல்லாமே சுவாசித்து இருப்பைக் காலி செய்கின்றன. கோடையில் கண்மாய் வற்றிச் சூடாகிக் கிடப்பதால் இருப்பே கொஞ்சம்தான். போதாததற்கு, தண்ணீர் சூடானால் மீனின் உடம்பும் சூடாகி, அதற்கு ஆக்சிஜன் கூடுதலாகத் தேவைப்படும். வரவு குறைவு, செலவு அதிகம். விடிகிற நேரத்தில்தான் கையிருப்பு அடிமட்டத்துக்கு வரும்.

இந்த வருஷம் சித்தப்பா கோடை முழுக்க ராத்திரி 3 மணிக்கே எழுந்து டீசல் எஞ்சினைப் போட்டார். கண்மாய்த் தண்ணியை உறிஞ்சி, உயரத்திலிருந்து கண்மாயிலேயே கொட்டவிட்டார். விழுகிற தண்ணீர் சிதறிக் காற்றைச் சேர்த்துக்கொள்ளும். சுருளி அருவியில் இது எஞ்சின் இல்லாமலே நடக்கிறது. டீசல் செலவு தனி, ஆனால் மீன் மிதக்கவில்லை.

செய்து பாருங்கள்: கொதித்து ஆறிய தண்ணீரை இரண்டு டம்ளரில் எடுங்கள். ஒன்றை அப்படியே வையுங்கள். இன்னொன்றை டீ மாஸ்டர் மாதிரி பத்துத் தடவை தூக்கி ஆற்றுங்கள். இரண்டையும் குடியுங்கள். ஆற்றாதது சப்பென்று இருக்கும்.

– பத்தாம் வகுப்பு மாணவி