பாறையில் ரேஸ் விழுகிறது: டீசலைக் கூட்டலாமா?

கேள்வி: என்னிடம் 20 டன் பொக்லைன் இருக்கிறது. பழைய மாடல், மெக்கானிக்கல் கவர்னர். லீவரைத் தொடாமல் முழு ரேஸில் வைத்தால் மீட்டர் 2,200 ஆர்.பி.எம். காட்டுகிறது. மண் வெட்டும்போது 2,050. பாறை கலந்த இடத்தில் 1,600 வரை இறங்கிக் கரும்புகை தள்ளுகிறது. பம்பில் டீசல் ஸ்க்ரூவைக் கொஞ்சம் கூட்டிவைத்தால் சரியாகிவிடும் என்கிறார் மெக்கானிக். செய்யலாமா?
- வாசகர், திருச்செங்கோடு

பதில்: வேண்டாம். 2,200-லிருந்து 2,050-க்கு இறங்குவது கோளாறே இல்லை. கவர்னருக்குள் சுழலும் எடைகளும் அவற்றை எதிர்க்கும் ஸ்பிரிங்கும் இருக்கின்றன. லோடு ஏறி வேகம் சற்றுக் குறைந்தால்தான் எடைகள் உள்ளே மடங்கும், ஸ்பிரிங் டீசல் பம்பின் ரேக்கைத் தள்ளும், டீசல் கூடும். வெறும் ஓட்டத்துக்கும் முழு லோடுக்கும் நடுவே 5 முதல் 10 சதவீதம் இறக்கம் இந்த வகைக் கவர்னரின் இயல்பு.

1,600-தான் கோளாறு. பக்கெட் பாறையில் முட்டி ஹைட்ராலிக் அழுத்தம் ஏறும்போது, ஹைட்ராலிக் பம்பில் உள்ள ரெகுலேட்டர் ஒரு சுற்றுக்குத் தள்ளும் எண்ணெயைக் குறைத்துவிட வேண்டும். பக்கெட் மெதுவாகும், இன்ஜின் தாக்குப்பிடிக்கும். உங்கள் வண்டியில் இன்ஜினே உட்காருகிறது என்றால், ஒன்று இன்ஜினுக்குச் சத்து குறைந்திருக்கிறது. இல்லை, பம்ப் அளவுக்கு மீறிச் சுமை ஏற்றுகிறது.

புகையைக் கவனியுங்கள். உள்ளே போன டீசல் முழுதாக எரியக் காற்று போதாதபோதுதான் கரும்புகை வரும். அந்த நிலையில் டீசலைக் கூட்டினால் புகையும் சூடும்தான் கூடும். பிஸ்டனும் டர்போவும் அடி வாங்கும். ஹை ஐடில் ஸ்க்ரூவைத் திருகினாலும் பயனில்லை. வெறும் ஓட்டத்தில் மீட்டர் கூடுதலாகக் காட்டும், பாறையில் பழைய கதைதான்.

முதலில் ஏர் ஃபில்டரைப் பாருங்கள். கிரஷர் தூசியில் ஓடும் வண்டிக்கு அது சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். அடுத்து, டர்போவிலிருந்து மேனிஃபோல்டுக்குப் போகும் குழாயும் கிளாம்பும். அங்கே எண்ணெய்ப் பிசுக்கோடு தூசி ஒட்டியிருந்தால் காற்று கசிய வாய்ப்பு அதிகம். பிறகு வால்வு கிளியரன்ஸ், இன்ஜெக்டர். புகையே இல்லாமல் இழுவை மட்டும் குறைந்திருந்தால், டீசல் ஃபில்டரையும் தண்ணீர் பிரிப்பானையும் முதலில் பார்க்கச் சொல்லியிருப்பேன்.

லீவரைத் தொடாமல் ஐடிலிலிருந்து ரேஸ் கொடுத்துப் பாருங்கள். அப்போதும் சோம்பலாக ஏறினால் கோளாறு இன்ஜின் பக்கம். சட்டென்று ஏறி, லோடில் மட்டும் உட்கார்ந்தால், மேலே சொன்னவை எல்லாம் சரியாக இருக்கும்பட்சத்தில், சந்தேகம் ரெகுலேட்டர் மீது. அதைக் கேஜ் வைத்து, சர்வீஸ் புத்தக அளவோடு ஒப்பிட்டுத்தான் செட் செய்ய வேண்டும். காதால் கேட்டுத் திருகும் வேலை அல்ல அது.

அதுவரை ஆபரேட்டரிடம் சொல்லிவையுங்கள்: ரேஸ் விழுந்தால் லீவரைப் பிடித்துக்கொண்டே இருக்கக் கூடாது. இன்ஜின் வேகத்தோடு ஃபேனும் தண்ணீர் பம்பும் மெதுவாவதால், சூடு ஏறுவது அப்போதுதான்.

வண்டி சரியானதும், எண்ணெய் சூடான நிலையில் வெறும் ஓட்டத்திலும் முழு லோடிலும் மீட்டர் காட்டும் எண்களை லாக் புத்தகத்தில் குறித்துவையுங்கள். அடுத்த முறை யாராவது ஸ்க்ரூவைத் திருகச் சொன்னால், அந்த எண்களை முதலில் காட்டுங்கள்.