டிரைவரின் வேக ரகசியம்

"சாதனம் அதேதான், கம்ப்யூட்டரும் அதேதான், புதிய டிரைவரை நிறுவியதும் வேகம் எப்படிக் கூடுகிறது?" புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. பல காரணங்கள் உண்டு. ஒன்றை மட்டும் இங்கு விளக்குகிறேன்.

சாதனங்களில் ரிஜிஸ்டர் எனப்படும் சிறிய பதிவிடங்கள் உள்ளன. டிரைவர் இவற்றில் எழுதிக் கட்டளை தருகிறது. படித்து நிலையை அறிகிறது.

பழைய கம்ப்யூட்டர்களில் இருந்த பாரலல் போர்ட்டை எடுத்துக் கொள்வோம். இதில் அடிப்படையாக மூன்று ரிஜிஸ்டர்கள். வழக்கமாக 378ல் டேட்டா, 379ல் நிலை, 37ஏ-ல் கட்டுப்பாடு. ஒரு பைட்டை அனுப்ப, கட்டுப்பாட்டு ரிஜிஸ்டரில் ஸ்ட்ரோப் என்ற ஒரு பிட்டை ஆன் செய்து, பின் ஆப் செய்திட வேண்டும். மற்ற பிட்கள் மாறக் கூடாது. எனவே சாதாரண டிரைவர் இரண்டு முறையும் ரிஜிஸ்டரைப் படித்து, அந்த பிட்டை மட்டும் மாற்றி எழுதும்.

ஒரு முறை படிக்க ஏறத்தாழ 1 மைக்ரோ செகண்ட் ஆகும். இது மிகக் குறைவுதானே என எண்ண வேண்டாம். 1 கிகா ஹெர்ட்ஸ் ப்ராசசருக்கு அது 1,000 துடிப்புகள் வீண். 100 எம்.பி. ஸிப் டிஸ்க்கை இப்படி நிரப்பினால் 20 கோடி முறை படிக்க வேண்டும். அதற்கே 200 விநாடிகள் போய்விடும்!

தீர்வு எளிது. கட்டுப்பாட்டு ரிஜிஸ்டரில் எழுதுவது டிரைவர்தான். கடைசியாக எழுதிய மதிப்பின் நகலை மெமரியில் வைத்துக் கொண்டால், மீண்டும் படிக்கவே தேவையில்லை. இதையே ரிஜிஸ்டர் மதிப்பை கேஷ் செய்தல் என்கிறோம்.

ஆனால் 379ஐ இப்படிச் செய்திடக் கூடாது. பேப்பர் தீர்ந்தால் அதை மாற்றுவது பிரிண்டர். பழைய நகலை நம்பும் டிரைவர், பேப்பர் இல்லாத பிரிண்டருக்கு டேட்டாவை அனுப்பிக் கொண்டே இருக்கும். சுவிட்சைப் போட்டது நமக்கு நினைவிருக்கும். கரண்ட் இருக்கிறதா என்பதைப் பார்த்துத்தான் தெரிந்து கொள்ள வேண்டும் அல்லவா?

இன்னொரு எச்சரிக்கை. கம்ப்யூட்டர் ஸ்லீப் நிலைக்குச் சென்றால், சில சாதனங்களின் ரிஜிஸ்டர்கள் அழிந்துவிடும். மெமரியில் உள்ள நகல் அப்படியே இருக்கும். விழித்ததும் டிரைவர் நகலைச் சாதனத்தில் திரும்ப எழுத வேண்டும். எழுதாவிட்டால் இரண்டும் முரண்படும்.

இன்றைய யு.எஸ்.பி. சாதனங்களுக்கும் இந்த விதி பொருந்தும். ஸ்லீப்பிலிருந்து எழுந்த பின் ஒரு சாதனம் மட்டும் முரண்டு பிடித்தால், உடனே கடைக்குத் தூக்கிச் செல்லாதீர்கள். கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்திடுங்கள். சரியாகிவிட்டால், டிரைவர் மீதே சந்தேகப்பட வேண்டும். தயாரித்த நிறுவனத்தின் தளத்தில் புதிய டிரைவர் உள்ளதா எனப் பாருங்கள்.