மோரும் பஞ்சும்

மருமானுக்கு,

கடையில் வாங்கிய பழத் தயிர்ப் பானம் நாட்கணக்கில் ஒரே வெண்மையாக நிற்க, பாட்டி கடைந்து வைத்த மோர் மட்டும் ஒரு மணி நேரத்துக்குள் மேலே தெளிநீரும் அடியில் மண்டியுமாகப் பிரிந்துவிடுவானேன் என்று கேட்டிருந்தாய். பாட்டியின் கைப்பழக்கத்தைக் குறை சொல்லாதே. காரணம் புளிப்பில் இருக்கிறது. பாலிலுள்ள புரதத்தில் ஏறக்குறைய ஐந்தில் நாலு பங்கு கேஸீன் என்னும் வஸ்து. புதிய பாலில் அதன் நுண்திரள்கள் யாவும் எதிர்மின்னூட்டம் பெற்று, ஒன்றையொன்று விலக்கிக்கொண்டு, கண்ணுக்குப் புலப்படாமல் மிதந்துகொண்டிருக்கின்றன. உறைகுத்திய பாலில் புளிப்பு ஏறி, ரசாயனிகள் பி.ஹெச். என்று சொல்லும் அளவு 6.6-லிருந்து 4.6-க்கு இறங்கும்போது அந்த மின்னூட்டம் அற்றுப்போக, விலகி நின்றவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன, அதுவே தயிர். அதைக் கடைந்து நீர் விளாவினால், உடைந்த துகள்கள் தம் பாரத்தினாலேயே அடியில் போய்த் தங்குகின்றன.

கடைச் சரக்கைச் செய்கிறவர்கள் இதற்குப் பரிகாரமாகக் கார்பாக்ஸிமெதில் செல்லுலோஸ் என்ற ஒன்றை, நூற்றுக்கு அரைப் பங்கு போலச் சேர்ப்பதுண்டு; உறையின் மேல் 466 என்ற எண் இருந்தால் அதுதான். மரக்கூழையோ பஞ்சையோ காரத்தில் ஊறவைத்து, குளோரோ அசெட்டிக் அமிலத்தோடு சேர்த்துப் பக்குவம் செய்தால் நீரில் கரையும் இந்தப் பொடி கிடைக்கிறது. இது எதிர்மின்னூட்டம் உடையது; மிகப் புளித்த பாலிலோ கேஸீன் நேர்மின்னூட்டத்துக்கு மாறியிருக்கும். ஆகவே இது அந்தத் துகள்களைப் போர்வைபோல் போர்த்திக்கொண்டு, அவை மறுபடி ஒட்டாதபடி காக்கிறது.

மோரில் வேஷ்டியின் வம்சத்தையா கலக்கிறார்கள் என்று நீ முகம் சுளிப்பாய். நீ சாப்பிடும் சோற்றிலுள்ள மாவுப்பொருளும், அதே நெற்பயிரின் வைக்கோலிலுள்ள செல்லுலோஸும் குளுக்கோஸ் என்ற ஒரே சர்க்கரையைக் கோத்த சங்கிலிகள்தான். கண்ணிகளைப் பிணைத்த விதம் மாத்திரம் வேறு. அந்த ஒரு வேற்றுமையால் முன்னது நமக்குச் சீரணமாகிறது, பின்னது ஆகிறதில்லை. பசுவுக்குங்கூட, அதன் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்கள் உதவாவிட்டால் வைக்கோல் வெறும் குப்பையே. மாவுப்பொருளைச் சர்க்கரையாக்கும் டயாஸ்டேஸை 1833-ல் பெர்ஸோ என்பவருடன் சேர்ந்து கண்டுபிடித்த பிரெஞ்சு ரசாயனி ஆன்ஸெல்ம் பாயென், ஐந்தே ஆண்டுகளில், அந்த டயாஸ்டேஸினால் திறக்கமுடியாத பூட்டாகிய செல்லுலோஸையும் தாமே பிரித்தெடுத்துக் காட்டினார் என்பதை நினைக்குந்தோறும் எனக்கு ஒரு சந்தோஷம்.

நான் உனக்கு விசேஷமாகச் சொல்ல விரும்பியது இதே செல்லுலோஸை ஆராய்ந்த ஆர்லாண்டோ பாட்டிஸ்டா என்பவரைப் பற்றி. கனடாவில் பிறந்த இவர், 1955-ல் அமெரிக்காவின் பென்ஸில்வேனியாவில் ரேயான் நூல் செய்யும் ஒரு கம்பெனியில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். செல்லுலோஸை அமிலத்தில் கொதிக்கவைத்தால் இழையில் ஒழுங்கின்றிக் கிடக்கும் பகுதிகள் கரைந்துபோய், நெருங்கி அடுக்கிய படிகத் துணுக்குகள் மாத்திரம் மிஞ்சும். அவற்றை நீரிலிட்டு, சமையலறைகளில் சுழலும் மின்சார மிக்ஸி போன்றதொரு கருவியில் ஓட்டிய அவர், வெண்பொடி அடியில் படிந்துவிடும் என்றே எதிர்பார்த்தார். படியவில்லை, அப்போது கடைந்த வெண்ணெய்போலத் திரண்டு நின்றது! ருசியுமில்லை, சத்துமில்லை, ஆனால் ஐஸ்கிரீமுக்கு வழவழப்பையும், மாத்திரைகளுக்கு அழுத்தினால் உதிராத கட்டையும் கொடுக்கும் சரக்காக அது உலகமெங்கும் போயிற்று. செடியின் நாரில் கண்டதை மிருகத் தோலின் புரதமான கொலாஜனிலும் பார்த்துவிடுவோமே என்று அவர் பிற்பாடு முயன்றதன் பயன், சத்திரசிகிச்சையில் ரத்தப்போக்கை நிறுத்தும் ஒரு வெண்பொடி.

நீயும் ஒன்று செய். இன்று உறைந்த தயிரையும் முந்தாநாள் தயிரையும் ஒரே அளவு நீர்விட்டுத் தனித்தனியே கடைந்து, இரண்டு கண்ணாடி டம்ளர்களில் ஊற்றி வைத்து, எதில் எத்தனை மணிக்கு எத்தனை விரற்கடை தெளிந்தது என்று குறித்து எனக்கு எழுது. டம்ளரைப் பாட்டியிடம் கேட்டு எடு.

இப்படிக்கு,
உன் மாமா